ஜீப் நின்ற வீட்டிலிருந்து மகனுக்கு

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. பெற்றவர்களுக்கே தபாலில் பத்திரிகை அனுப்பும் பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். போகட்டும், அச்சு நன்றாக இருக்கிறது, அப்பா பெயரில் பிழை இல்லை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறார்கள். பெண் வீட்டார் விவரம் தெரிந்தவர்கள் என்று தெரிகிறது. நான் எழுத உட்கார்ந்தது பத்திரிகையைப் பற்றி அல்ல, அதோடு நீ மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பற்றி. இது நீளமாகத்தான் போகும். ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் கத்தியே கழித்தவள் நான், சுருக்கமாகத் திட்ட எனக்கு வராது. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படி.

இந்த வீட்டில் உன் கடிதங்களை யார் படிப்பார்கள் என்பது உனக்கு மறந்தே போய்விட்டதா? அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து உன் தங்கை வசந்தாதான் படிக்கிறாள். அன்றைக்கும் தபால்காரர் கொடுத்ததும், "அண்ணன் லெட்டர் போட்டுருக்குப்பா, வாங்க" என்று அவரை மாட்டுக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் உறையைக் கிழித்தாள். மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் படித்தாள். அப்புறம் இதைப் படித்தாள். 'வசந்தாவின் வெள்ளைத் தழும்பு இப்போது விரல் நுனிவரை வந்துவிட்டது. மேடையில் எல்லாருடைய கண்ணிலும் படும். இவர்கள் பெரிய இடம். குடும்பத்தில் ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்று சொல்லியிருக்கிறேன். நாத்தனார் முடிச்சுக்குச் சித்தப்பா மகள் கலாவை அழைத்து வாருங்கள். வசந்தா வீட்டிலேயே இருந்து மாடுகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.' அவள் குரல் மாறவே இல்லை. அப்பா, "போதும் புள்ள, வையி" என்றார். "இருங்கப்பா, இன்னும் ரெண்டு வரிதான்" என்று சொல்லி, உங்கள் அன்பு மகன் என்று நீ கையெழுத்துப் போட்டிருந்த இடம் வரைக்கும் படித்து முடித்து, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பருத்திக் காட்டுப் பக்கம் போய்விட்டார். நான்தான் பாவி மாதிரி அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாட்டைப் பார்த்துக்கொள்ளவாம்! அடப்பாவி, அதை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

அவளுக்கு முதல் தழும்பு கணுக்காலில் விழுந்தபோது அவள் பாவாடை கட்டுகிற வயசு. பெரம்பலூர் டாக்டர் பார்த்துவிட்டு, "இது தொத்துற வியாதி இல்ல டீச்சர். உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. தோல்ல கலர் போவுது, அவ்வளவுதான்" என்றார். ஊருக்கு அதெல்லாம் எடுபடுமா? வெண்குஷ்டம் என்று அதுவாக ஒரு பெயர் வைத்துக்கொண்டது. ஒரு நாள் குன்னத்திலிருந்து பஸ்ஸில் வருகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை அவள் காலைப் பார்த்ததும் வெடுக்கென்று எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். நீ மீசை முளைக்காத பையன். போய் அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நல்லதாப் போச்சு, எனக்கு எடம் கெடச்சிருச்சு" என்று பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னாய். வசந்தா வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். இந்தப் பிள்ளை இருக்கும்போது இவளுக்கு என்ன குறை என்று அன்றைக்கு நான் நினைத்தேன். நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நீ மெட்ராஸில் புள்ளியியல் படித்து, ஆராய்ச்சியில் சேர்ந்து, எண்பத்தேழில் ஊருக்கு வந்தாயே, அதிலிருந்துதான் எல்லாம். இந்தத் தழும்பு ஏன் சில குடும்பங்களில் மட்டும் வருகிறது, ரத்தத்தில் எந்தச் சங்கதி பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு இதைக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னாய். டாக்டர்கள் ரத்தம் எடுப்பார்கள், கணக்கு உன்னுடையது. அப்பா மாட்டுக்கு ஊற வைக்க எடுத்த பருத்திக் கொட்டையில் நாலு வாங்கி, அவர் முன்னால் ரெண்டு, என் முன்னால் ரெண்டு வைத்தாய். "அப்பாகிட்ட ரெண்டு, உங்கிட்ட ரெண்டு. வசந்தாவுக்கு அங்கேருந்து ஒண்ணு, இங்கேருந்து ஒண்ணு வந்துச்சு. மிச்சம் ரெண்டு நிக்குதுல்ல? அதையும் ஒரு புள்ளயா வச்சுக்கம்மா. பொறக்காத புள்ள. நான் வசந்தாவ அந்தப் பொறக்காத புள்ளயோட ஒப்பிடுறேன். இப்புடி நெறைய வூட்டுல பாத்தா, எது நோய் வந்த புள்ளைங்களுக்கே அதிகமாப் போய்ச் சேந்துருக்கு, எது பெத்தவங்ககிட்டயே தங்கிடுதுன்னு தெரிஞ்சு போவும்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அப்பா கேட்டார், "பக்கத்து வூட்டுக்காரனோட ஒப்பிட்டா ஆவாதாடா?" நீ தலையை ஆட்டினாய். "ஆவாதுப்பா. ஒவ்வொரு சாதியும் காலங்காலமா உள்ளுக்குள்ளயே கட்டிக்குது. நோய் இல்லாட்டியும் இவங்க ரத்தத்துக்கும் அவங்க ரத்தத்துக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும். வெளியாள வச்சு ஒப்பிட்டா, நோயால வந்த வித்தியாசமா, சாதியால வந்த வித்தியாசமான்னு பிரிக்க முடியாது. பெத்தவங்களையே ஒப்பீடா வச்சுக்கிட்டா அந்தத் தொல்லையே இல்ல. வெளியாளே வேணாம். அதுதான் இந்த முறையோட அழகு." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். நான் கொடுத்ததையும் கொடுக்காமல் என்னிடம் தங்கிப்போனதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. கை வேலையாக இருக்கும்போதெல்லாம் அந்தப் பிறக்காத பிள்ளை நினைப்பு வரும். தழும்பில்லாத பிள்ளை. அதைப் பெற்றிருந்தால் இவளைப் பெற்றிருக்க மாட்டேன் என்று தோன்றியதும், அந்த நினைப்பை விரட்டிவிடுவேன். எனக்கு இவள்தான் வேண்டும்.

மெட்ராஸ்காரர்களை நம்பி யார் கையை நீட்டுவார்கள்? அதனால் என்னை அனுப்பினாய். தழும்பு இருக்கிற பிள்ளை, பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற வீடு, அதுதான் உனக்கு வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எங்கே தழும்பு என்பது, அரைக்கை சட்டை போடாத பையனையும், காலை நீட்டி உட்காராத பெண்ணையும் வகுப்பில் பார்க்கிற டீச்சருக்குத் தெரியாமல் போகுமா? கீழத்தெருவில் பால் விற்கும் பாப்பாத்தி வீட்டுக்கு முதலில் போனேன். அவள் மகனுக்கு முதுகில் இருந்தது. வீட்டாரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. "வெளிய தெரிஞ்சா என் பொழப்பு நாறிப்போவுமே டீச்சர்" என்று அழுதாள். "என் மகன் சொல்லிருக்கான், பேருகூட எழுத மாட்டாங்களாம், நம்பர்தானாம்" என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். பெயரை நீ எழுதவில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் ஒன்று உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ஜீப் வருவதற்கு முந்தின நாள், நீ குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாய். "தம்பி, ஜீப்ப எல்லா வூட்டு முன்னாலயும் நிறுத்தச் சொல்லு. சும்மாவாச்சும் ஆளுக்கு ஒரு குத்து குத்திட்டுப் போவட்டும்" என்றேன். நீ சிரித்தாய். "நோய் இல்லாத வூட்டு ரத்தம் எனக்கு எதுக்கும்மா? டியூபு, ஐஸுப் பொட்டி, சாயங்காலத்துக்குள்ள அரியலூர்ல ரயிலேத்தணும். வெளியாள் வேணாங்குறதுதானே இந்த முறையோட அழகே, சொன்னேன்ல?" அப்படியானால் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல் என்றேன். அதற்கும், அவர்கள் வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும் என்றாய். உனக்கு அழகு தெரிந்தது தம்பி. தெரு தெரியவில்லை. இந்தத் தெருவில்தான் கோலி விளையாடி வளர்ந்தாய், இருந்தும் தெரியவில்லை.

காலையில் ஜீப் வந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடின. இந்த வீட்டைத் தாண்டி அந்த வீட்டில் நின்றது, அதைத் தாண்டி இன்னொன்றில் நின்றது. பாப்பாத்தி வீட்டில் நின்றது. கடைசியாக நம் வீட்டில் நின்றது. வசந்தா தானே பாயை விரித்துப்போட்டு, முதல் ஆளாகக் கையை நீட்டினாள், நீ பெருமைப்படுவாய் என்று. எது நின்ற வீடு, எது நிற்காத வீடு என்று ஊரே வாசலில் நின்று பார்த்தது. கணக்குப் போட ஊருக்கு உன்னைப்போல எம்.எஸ்சி. படிப்பு வேண்டுமா என்ன? மறுநாள் காலையில் பாப்பாத்தியிடம் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரும் போகவில்லை. கறந்த பாலைக் கன்றுக்கே விட்டாள். அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஏசிவிட்டாலாவது எனக்கு ஆறியிருக்கும். கொஞ்ச நாளில் மாடுகளை விற்றுவிட்டு அரும்பாவூரில் அண்ணன் வீட்டோடு போய்விட்டார்கள். நீ அப்போது மெட்ராஸில் ஏ.சி. ரூமில் இருக்கும் கம்ப்யூட்டரில் உன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாய், கடிதத்தில் எழுதியிருந்தாய்.

வசந்தாவுக்கு ரெட்டிபாளையத்து இடம் அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் பையன். அந்த இடம் எப்படி அமைந்தது என்று உனக்கு நன்றாகத் தெரியும். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னாலேயே நான் போய் அந்தப் பையனின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, இப்படி இப்படி, என் மகளுக்குக் காலில் தழும்பு இருக்கிறது, கையிலும் வரலாம் என்று என் வாயால் சொன்னேன். அந்தம்மா, "எம் மவன்கிட்ட சொல்லிடுறேன் டீச்சர். அவன் சரின்னா எனக்கு ஒண்ணுமில்ல. எங்க பங்காளிங்க காதுக்கு மட்டும் போவ வேணாம், அவனுங்க பேயா ஆடுவானுங்க" என்றார். பையன் சரி என்று சொன்னான். வசந்தாவைப் பார்க்க வந்தபோது அவளிடமே, "எனக்குத் தெரியும், நீ ஒண்ணும் சங்கடப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனானாம். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்? ஜீப் வந்துபோன வாரமே நம்மூர்ச் சந்தைக்கு வந்த பங்காளி எவனோ கேள்விப்பட்டுப் போய், 'பொண்ணு வூட்டுல ஜீப்பு நின்னுச்சாமே' என்று ஆரம்பித்திருக்கிறான். அவர்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள், கல்யாணம் நின்றுபோனது. அந்தம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்லியும் பயனில்லாமல் போனது தம்பி. நான் ஒருத்தியிடம் சொன்னேன். நீ ஊருக்கே தமுக்கடித்தாய்.

இதையும் நான் முழுங்கியிருப்பேன். ஊர் நன்மைக்கு ஏதோ கண்டுபிடிக்கப் போகிறான், நம் வீட்டு நஷ்டம் நாலு வீட்டுக்காவது ஆகட்டும் என்று அப்பாவுக்குக்கூட ஆறுதல் சொன்னேன். மறுவருஷம் பொங்கலுக்கு வந்தாய். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, உப்புக் குறைவாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாய். "நம்ம வூட்டு ரத்தம் கணக்குல சேரலம்மா." ஏன் என்று கேட்டேன். உன் அம்மாயி தன் தாய்மாமனைக் கட்டியவள், உன் அப்பத்தாவும் அப்படியே. அதனால் ரத்தத்தில் நீ பார்க்கும் அந்த இடத்தில் என்னிடமிருந்த கொட்டை ரெண்டும் ஒரே மாதிரியாகவே இருந்ததாம், உன் அப்பாவிடமும் ரெண்டும் ஒரே மாதிரியாகவே இருந்ததாம். "வசந்தாவுக்கு வந்ததும், வராம நின்னதும் ஒரே மாதிரி. ஒப்பிட ஒண்ணுமில்ல. இந்த மாதிரி வூட்டுலேருந்து ஒரு தகவலும் கெடைக்காது" என்றாய். அப்புறம் ரசம் கேட்டாய். நான் ஊற்றினேன். வசந்தா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளை வைத்து ஒரு தகவலும் கிடைக்காது என்று அவள் அண்ணன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அப்பளம் வைத்தாள். மாமனைக் கட்டிய குடும்பம் என்று உனக்கு முன்னாலேயே தெரியாதா? உன் குடும்பம்தானே! அந்த வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தாமலாவது போயிருக்கலாமே.

இப்போது அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ரவிக்கை நன்றாகத் தைக்கிறாள், துணி வந்துகொண்டுதான் இருக்கிறது. அளவு ரவிக்கையைக் குழந்தைகளிடம் கொடுத்தனுப்புவார்கள், தாங்கள் வந்து அவள் கையில் அளவெடுக்க நிற்க மாட்டார்கள். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. உன் கடிதம் வந்த மறுநாள், நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே கேட்டாள். "அண்ணன் ரத்தம் கேட்டப்ப இந்தக் கையதானம்மா நீட்டுனேன்? அப்ப ஆவும், இப்ப ஆவாதா?" அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. இத்தனை நாளும், கல்யாணம் நின்றபோதுகூட, அவள் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அண்ணன் தெரியாமல் செய்தது என்று எனக்கே சமாதானம் சொல்வாள். இதற்குச் சமாதானம் கண்டுபிடிக்க அவளாலும் முடியவில்லை. ஏனென்றால் இது தெரிந்து செய்தது.

எனக்கு ஒன்று விளங்கவில்லை தம்பி. 'உங்கள் குடும்பத்தில் வியாதி உண்டா, மறைக்காமல் சொல்லுங்கள்' என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதானே உன் தொழில்? மறைத்தால் கணக்குத் தப்பாகிவிடும் என்று பாப்பாத்தி வீட்டு மனிதனுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினவன்தானே நீ? அதே கேள்வியை உன்னிடம் ஒரு பெண்ணைப் பெற்றவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டாய். இந்தத் தழும்பு தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை, பிள்ளைக்கு வர எவ்வளவு வாய்ப்பு, வராமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று விரல் விட்டுச் சொல்ல அந்த மண்டபத்திலேயே உன்னைவிட்டால் ஆள் கிடையாது. இவ்வளவு தெரிந்தவனே ஒளிக்கிறான் என்றால், பாப்பாத்தியிடம் பால் வாங்காமல் விட்டவர்களை நான் எந்த முகத்தோடு குறை சொல்வேன்?

ஆகவே சொல்கிறேன், கேள். அந்தப் பெண் சுமதியிடம் போ. அவளுடைய அப்பாவிடம் அப்புறம் போகலாம், முதலில் அவளிடம். என் தங்கைக்குத் தழும்பு இருக்கிறது, நான் பொய் சொன்னேன் என்று சொல். ரெண்டையும் சொல், தங்கையை மட்டும் சொல்லிப் பொய்யை விட்டுவிடாதே. தாலி முடிச்சு பின்கழுத்தில் விழுகிறது, போடுகிற கை அவள் கண்ணுக்குத் தெரியாது. சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் தெரியும். தன் கழுத்தில் நடப்பது தனக்கு மட்டும் தெரியாமல் ஒரு பெண் மணையில் உட்காரக் கூடாது. என் மகளுக்கு இடம் பார்த்தபோது நான் போய்ச் சொல்லவில்லையா? எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சொன்னால் அவள் வேண்டாம் என்று போய்விடுவாள் என்று பயப்படுகிறாயா? போகலாம். அந்தப் பயத்தோடுதான் உன் தங்கை இத்தனை காலம் இருக்கிறாள். நீயும் ஒரு வாரம் இருந்து பார்.

கலாவை நாங்கள் கூப்பிடவில்லை. சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர்கள் கல்யாணம் பார்க்க மட்டும் வருவார்கள். மாடுகளைப் பார்த்துக்கொள்ளக் குன்னத்திலிருந்து அப்பாவின் பங்காளி ஒருத்தர் வந்து தங்குகிறார். நாங்கள் மூன்று பேரும் முந்தின நாள் அரியலூரில் ரயில் ஏறுகிறோம். வருகிறாயா என்று வசந்தாவைக் கேட்டேன். "வரேன்" என்றாள், அவ்வளவுதான். அரக்குச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாள், மணிக்கட்டு வரைக்கும் மறைக்கிற ரவிக்கை தைத்துக்கொள்ளவில்லை, நான் பார்த்தேன். மேடையில் அவள் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்பாள், அவளுக்குப் பின்னால் நான் நிற்பேன். முதல் முடிச்சை நீ போட வேண்டும். போட்டதும் உன் கைக்குப் பக்கத்தில் அவள் கை வரும். அதைத் தட்டிவிடுவதானால் அங்கே வைத்து, எல்லாரும் பார்க்கத் தட்டிவிடு.

உன்னையும் அவளையும் பெற்றவள்